வண்டி சூடானால் முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில்.)



கோடை வரப்போகிறது, கார் என்ஜின் சூடாவதைப் பற்றி யாராவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். "சார், நீங்க பேங்க்ல கிளார்க்கா இருந்தவரு. உங்களுக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்விதான். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடித்துவிட்டு 36 வருஷம் லெட்ஜர் எழுதியவன். ஆனால் இந்த விஷயத்தில் 14,600 ரூபாய் தண்டம் அழுதவன். அதற்கு வெகுகாலம் முன்னால், பணத்தால் சரிக்கட்ட முடியாத ஒரு தப்புக்கும் துணை போனவன். அந்தத் தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

துண்டு எடுத்துக் கொடுத்த கதை

1994 மே மாதம். அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள், நான், என் மனைவி எல்லோரும் அத்தானின் பழைய அம்பாசடரில் கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டில் காபி குடித்துவிட்டு, காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி மலை ஏறினோம். டம் டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மலையேறும் வண்டி என்றால் பின்னால் ஒரு கேன் தண்ணீர் இருக்கும். வளைவுக்கு வளைவு பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும்.

அத்தான் இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். "மாப்ள, அந்தத் துண்டை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் துண்டை ரேடியேட்டர் மூடி மேல் போட்டுத் திருகினார். அடுத்த நொடி கொதிநீரும் ஆவியும் ஆள் உயரத்துக்குப் பீறிட்டன. கன்னம், கழுத்து, வலது கை முழுவதும் வெந்துபோனது. பின்னால் வந்த ஜீப்காரர் புண்ணியத்தில் கீழே இறங்கி, மதுரைக்கு வந்து 12 நாள் ஆஸ்பத்திரி. கண் தப்பியது தெய்வச் செயல். அத்தான் இப்போது இல்லை. கடைசி வரை அவர் முழுக்கைச் சட்டைதான் போட்டார், சித்திரை வெயிலிலும். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் துண்டை எடுத்துக் கொடுத்தவன் நான். "கொஞ்சம் பொறுங்க அத்தான்" என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

ஏன் அப்படிப் பீறிட்டது? நம் வீட்டு அடுப்படியிலேயே பதில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாகிறது. ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை. அது குக்கர் வெயிட். உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்து அழுத்தத்தைக் கட்டிப் பிடிக்கிறது. இன்றைய கார்களில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். உள்ளே 110 டிகிரியில் சாதுவாக இருக்கிற தண்ணீர், மூடி திறந்து அழுத்தம் போனதும் அந்த நொடியே ஆவியாக மாறும். விசில் அடங்காத குக்கரை நம் வீட்டுப் பெண்கள் யாராவது திறப்பார்களா? வண்டி என்றதும் நாம் திறக்கிறோம்.

இந்தச் சின்ன மூடிக்கும் மதுரைக்கும் ஓர் உறவு உண்டு. 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் ஆரம்பித்த டிவிஎஸ் நமக்கெல்லாம் தெரியும். அந்தக் குடும்பத்து நிறுவனமான சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸிடம்தான், 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ரேடியேட்டர் மூடி செய்யும் பொறுப்பை ஒப்படைத்தது. இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் கழற்றப்பட்டு சென்னைக்கு வந்தன. பிறகு அவர்களிடமே சிறந்த சப்ளையர் விருதும் வாங்கினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி ஒரு மூடிக்காகக் கடல் தாண்டி ஆள் தேடியது. நாமோ மூடி ரப்பர் வெடித்துப் போனாலும் "சும்மா மூடிதானே" என்று விட்டுவிடுகிறோம். ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. 120-ல் கொதிக்க வேண்டியது 105-லேயே கொதித்து வெளியே வழியும். பாதி கேஸில் வில்லன் இந்த மூடியாக இருந்துவிட்டுப் போகிறது.

வரவும் செலவும்

இனி என் துறைக்கு வருகிறேன். என்ஜின் சூட்டை நான் ஒரு கணக்காகத்தான் பார்க்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் கரண்டுக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. அதில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மிச்சப் பங்கு, அதாவது சுமார் 3 யூனிட், என்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்டில் சூடாக இறங்குகிறது. 2 கிலோவாட் கீசரை ஒன்றரை மணி நேரம் ஓடவிட்ட சூடு அது. தேனி ரோட்டில் போகும்போது கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் எரிகிறது என்று வையுங்கள். அந்தக் கால் மணி நேரத்துக்குள் அவ்வளவு சூட்டையும் ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும்.

வாட்டர் பம்ப் கூலண்டைச் சுற்றி அனுப்புகிறது. என்ஜின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் என்ற வாசல்காரர் ரேடியேட்டர் பக்கம் விடமாட்டார். சுமார் 82 முதல் 88 டிகிரியில் கதவைத் திறப்பார். ரேடியேட்டரில் காற்று பட்டுக் கூலண்ட் ஆறும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று போதும். நிற்கும்போது ஃபேன் சுழல வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. சூடு வரவு; ஆறுவது செலவு. இரண்டும் டேலி ஆனால் முள் நடுவில் நிற்கும். டேலி ஆகாவிட்டால் ஏறும்.

கோடையில் மட்டும் ஏன் தொல்லை? அதுவும் கணக்குதான். கூலண்ட் 90 டிகிரி. மார்கழிக் காலையில் வெளியே 22 டிகிரி என்றால் வித்தியாசம் 68. கத்திரி வெயிலில் வெளியே 40 என்றால் வித்தியாசம் 50. சூடு வெளியேறுவது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆக, அதே ரேடியேட்டரின் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. மார்கழியில் ஒளிந்திருந்த கோளாறு சித்திரையில் தலை காட்டுவது இதனால்தான். வெயில் கோளாறை உண்டாக்கவில்லை. இருந்ததைக் காட்டிக் கொடுத்தது.

14,600 ரூபாய்

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு வைகாசி முகூர்த்தத்துக்குத் தேனி போனோம். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் என்று போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. திரும்பும்போது உசிலம்பட்டி பஜாரில் ஒரு ஊர்வலம். இருபது நிமிஷம் நின்றோம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி ஆறவைத்து, மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

முதல் ஒர்க்ஷாப்பில், "தெர்மோஸ்டாட் ஜாம் சார். நம்ம ஊரு வெயிலுக்கு அது வேண்டியதே இல்ல" என்று கழற்றி எறிந்து, புதுக் கூலண்ட் ஊற்றினார்கள். 2,100 ரூபாய். பத்து நாளில் காளவாசல் சிக்னலில் மறுபடி விளக்கு. இரண்டாவது இடத்தில் வாட்டர் பம்ப் மாற்றினார்கள். 7,300. ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மறுபடி. மூன்றாவது இடத்தில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி ஹோஸ்களை மாற்றினார்கள். 5,200. மொத்தம் 14,600. நான்காவது தடவை சூடானபோது, "ஹெட்டை இறக்கிப் பாத்துரலாம் சார், 35,000 பக்கம் ஆகும்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு அது இரண்டு மாத வீட்டுச் செலவு. வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

விற்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம் என்று, எனக்குப் பழக்கமான ஒரு வயதான மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் பானெட்டைத் தூக்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். எப்ப சூடாகுது?" என்றார்.

"அடிக்கடி ஆகுது பாய்."

"அடிக்கடின்னா? ஓடும்போதா, நிக்கும்போதா?"

யோசித்துப் பார்த்தேன். உசிலம்பட்டி ஊர்வலம், காளவாசல் சிக்னல், பெரியார் பஸ் ஸ்டாண்டு. "நிக்கும்போதுதான் பாய்."

"கூலண்ட் குறையுதா?"

"இல்ல. அளவு அப்படியே இருக்கு."

"நிக்கும்போது ஏசி குளிர்ச்சி குறையுதா?"

"ஆமா. வண்டி நகர்ந்தா சரியாயிருது." இதை நான் ஏசி கோளாறு என்று தனிக் கணக்கில் வைத்திருந்தேன்.

"அப்ப ஃபேனு சார்" என்றார்.

"ஃபேன் ஓடுதே பாய். மூணு பேரும் பாத்தாங்களே?"

"எவ்வளவு நேரம் பாத்தாங்க?"

ஏசியைப் போட்டு வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். ஃபேன் வந்தது, நின்றது, வந்தது, நின்றது. முப்பத்தைந்தாவது நிமிஷம், வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. உடனே என்ஜினை நிறுத்தினார். ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே, சூடு ஏறியதும் உள்ளே ஒட்டாமல் போகிறது. ஆறினால் மறுபடி வேலை செய்கிறது. ஒர்க்ஷாப்பில் பத்து நிமிஷம் பார்த்தவர்களுக்கு அது அகப்படவில்லை. ரிலே 280 ரூபாய். கூலி 200. பிறகு, "அந்த தெர்மோஸ்டாட்டை முதல்ல திரும்ப மாட்டுங்க" என்று அதையும் போடவைத்தார்.

அது ஏன் என்று கேட்டேன். வாசல்காரர் இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும். தவிர, சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது இன்னொரு குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கே சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றினோம், சூடு கூடியது என்று ஆகிவிடும்.

ஒன்பதால் வகுபடுகிறதா?

வீட்டுக்கு வந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. பாய் செய்தது என் சொந்தத் தொழில்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பேங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால், எல்லா வவுச்சரையும் முதலிலிருந்து கூட்டிப் பார்க்கமாட்டோம். முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். அது ஒன்பதால் வகுபட்டால், யாரோ எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிப்போம். 540 என்பதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வகுபடாவிட்டால், வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஏதாவது என்ட்ரி இருக்கிறதா என்று பார்ப்போம். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகக் காட்டும். வித்தியாசமே தப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். 36 வருஷம் இதைச் செய்தவன், வண்டி விஷயத்தில் "எதை மாத்தலாம்?" என்று கேட்டுக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன்.

சூடு என்பது நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. எப்போது, எங்கே, எவ்வளவு நேரத்தில் என்பதுதான் அதன் ஒன்பது. பாயிடமும் பிறகு படித்தும் நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: கூலண்ட் குறைகிறதா? காலையில், என்ஜின் ஆறி இருக்கும்போது, கூலண்ட் டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா பாருங்கள். மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். குறைந்தால் அது எங்கோ போகிறது என்று அர்த்தம். வெளியே போனால் தரையில் கறை தெரியும். உள்ளே டாஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டரில் ஒழுகினால், முன்சீட்டுக் கால் மிதி ஈரமாகும், கண்ணாடியில் பிசுபிசுவென்று படலம் படியும்.

இரண்டும் இல்லாமல் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் காபி நிறம், நன்றாகச் சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை, ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைப்பது. இவை தெரிந்தால் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள், கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: நிற்கும்போதா, ஓடும்போதா? நிற்கும்போது மட்டும் என்றால் காற்று வரவில்லை: ஃபேன், ஃபியூஸ், ரிலே, ஒயர். ஏசி குளிர்ச்சியும் கூடவே குறைந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இதற்கு மாறாக, சிக்னலில் ஒழுங்காக இருந்து, வேகமாகப் போகும்போதோ மலையேறும்போதோ சூடானால், காற்று இருக்கிறது, கூலண்ட் போதிய அளவு ஓடவில்லை என்று பொருள்: ரேடியேட்டர் உள்ளே உப்பு படிந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப் போகலாம். ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சியும் புழுதியும் அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். அது மாத்திரம் என்றால் மெதுவான தண்ணீர்ப் பீச்சலில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது கேள்வி: கிளம்பி எவ்வளவு நேரத்தில்? ஐந்து பத்து நிமிஷத்திலேயே முள் ஏறி, மேல் ஹோஸ் அப்போதும் ஆறியே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஹோஸைத் தொடாமல் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். கூலண்ட் மாற்றிய மறுநாளே சூடானால், உள்ளே காற்று அடைத்திருக்கலாம். காற்றை வெளியேற்றினால் போதும்.

நான்காவது கேள்வி: உண்மையிலேயே சூடாகிறதா? சென்சாரோ ஒயரோ பொய் சொல்வதும் உண்டு. ஸ்டார்ட் செய்த கணமே முள் உச்சிக்குப் போனால் என்ஜினை நம்புங்கள், முள்ளை நம்பாதீர்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று இருக்கிறது. கூலண்ட் மொத்தமும் கொட்டிப் போயிருந்தால் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. அப்போது விளக்கு எரியாமலேயே என்ஜின் வேகும். பல சின்னக் கார்களில் இப்போது முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகிப் போனில் டிகிரியைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான் வாங்கிவிட்டேன். பேரன்தான் போனில் போட்டுக் கொடுத்தான்.

ரோட்டில் நின்றுவிட்டால்

சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசியை அணையுங்கள். பத்திரமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும் என்றால் ஜன்னலைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் அந்தச் சூடு என்ஜினிலிருந்து வருவது. நின்றதும் என்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிரலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்றைய என்ஜின் ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் வளைந்துவிடும். 280 ரூபாய் ரிலே 35,000 ரூபாய் வேலையாக மாறுவது அந்த நாலு கிலோமீட்டரில்தான்.

பானெட் ஓரத்தில் ஆவி வந்தால், அது அடங்கும் வரை பானெட்டைத் தூக்காதீர்கள். பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹெட்டில் விரிசல் விழலாம். மேல் ஹோஸை விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், சூடும் கை தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி. அப்போதும் தடிமனான துணி போட்டு, முகத்தை விலக்கி, கால் திருகு திருகி, சத்தம் அடங்கிய பின் முழுதாகத் திறக்க வேண்டும். மூடி ரேடியேட்டரில் இல்லாமல் டப்பாவில் இருக்கிற வண்டிகளிலும் இதே சட்டம்தான். அந்த டப்பாவும் பெரும்பாலும் அழுத்தத்தில் இருப்பதே. அவசரத்துக்குக் குடிதண்ணீர் பாட்டில் ஊற்றலாம். வீட்டுக்கு வந்ததும் ஒர்க்ஷாப்பில் சொல்லிச் சரியான கூலண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நம் பார்க்கிங்கில்

நம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. கீசர் காயிலைக் கழற்றினால் சுண்ணாம்பு அடை அடையாக இருக்கிறது. அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதன் மெல்லிய குழாய்களில் அதே சுண்ணாம்புதான் படியும். "தண்ணியும் கூலண்டும் ஒண்ணுதான்" என்பவர்களுக்கு இதுதான் பதில். கூலண்ட் கொதிநிலையைக் கூட்டுகிறது, துருவைத் தடுக்கிறது. அடர்த்தியான கூலண்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கும்.

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் நிறமில்லாத சுத்தமான தண்ணீர் சொட்டியிருந்தால் அது ஏசித் தண்ணீர், கவலை வேண்டாம். நிறத்தோடு பிசுபிசுப்பாக இருந்தால் கூலண்ட். தயவுசெய்து அதை உடனே துடைத்துக் கழுவுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். நம் பார்க்கிங்கில் நாய்களும் படுக்கின்றன, குழந்தைகளும் விளையாடுகின்றன. மீதிக் கூலண்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு 20 ரூபாய் நோட்டுப் புத்தகம் போட்டு வையுங்கள். சூடானால் தேதி, இடம், நின்றதா ஓடியதா, கிளம்பி எத்தனை நிமிஷம், ஏசி ஓடியதா, கூலண்ட் அளவு என்ன என்று ஆறு விவரம் எழுதுங்கள். ஒர்க்ஷாப்புக்குப் போனால் "வண்டி சூடாகுது" என்று சொல்லாதீர்கள், அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பாதி தூரம் குறையும். அவசரக்காரர் எதையாவது மாற்ற வந்தாலும், இந்தப் பாகம் போனால் ஏன் நிற்கும்போது மட்டும் சூடாகிறது என்று நாமே கேட்கலாம். நானும் எந்த ஒர்க்ஷாப்பையும் குறை சொல்லவில்லை. "சூடாகுது" என்ற ஒரே ஒரு வார்த்தையைக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர்களுக்குத் தோன்றியதைச் செய்தார்கள்.

இவ்வளவில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். சூடான வண்டியின் மூடியைத் திறக்க யாராவது துண்டு கேட்டால், கொடுக்காதீர்கள். "முக்கால் மணி நேரம் போகட்டும்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

 டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.